பொன்னை மட்டும் நம்பலாமா?

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வத்தளையில் உள்ள எமது இல்லத்திற்கு அயலவர் ஒருவர் வந்தார். அரசாங்க எழுதுவினைஞராக முப்பத்திரண்டு ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். கொட்டாஞ்சேனையில் வாழ்ந்து, குடும்பம் பெருகியபின் களனி ஆற்றைத் தாண்டி இப்பக்கம் வந்து குடியேறியவர். நாம் அவரை ‘மாமா’ என்றே அழைப்பது வழக்கம். ஆசனத்தில் அமர்ந்ததும் அவர் சுற்றி வளைக்காமல் விஷயத்திற்கு வந்தார்.

“தம்பி, ஊர்க்காணி வித்த காசு வந்திருக்குது. முழுக்காசுக்கும் பவுண் வாங்கி வைக்கப் போறன். நீர் கணக்குப் படிப்பிக்கிறவர். என்ன சொல்லுறீர்?”

“முழுக்காசுக்குமா, மாமா?”

“வேறை என்ன செய்யிறது? கொம்பனிக்காரரை நம்பி ஒருக்கா அழிஞ்சது காணும். பவுண் பேசாது தம்பி. ஆனபடியால் பொய்யும் சொல்லாது.”

எம்மால் உடனே விடை கூற முடியவில்லை. ஏனெனில், அவர் பட்ட பாட்டை நாம் அறிவோம். ஓய்வுபெற்றபொழுது கிடைத்த பணத்தையெல்லாம் அவர் ஒரு நிதிக் கொம்பனியில் நிலையான வைப்பாக இட்டிருந்தார். கொம்பனியின் வரவேற்பறை குளிரூட்டப்பட்டிருந்தது. முகாமையாளர் எழுந்து நின்று கைகுலுக்கினார். வட்டியோ மற்ற இடங்களைவிட அதிகம். சில ஆண்டுகளில் அக்கொம்பனியின் கதவு சாத்தப்பட்டது. காப்புறுதித் திட்டத்தின் மூலம் ஒரு பகுதி கிடைத்தது. எஞ்சிய பகுதிக்காக அவர் ஏறி இறங்கிய படிகளை எண்ணி முடியாது. “சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது” என்பது பழமொழி. மாமா அடுப்பங்கரையை மட்டுமன்று, சமையலறையையே வெறுத்துவிட்டார்!

அவருடைய கேள்வி அவருடையது மாத்திரமன்று. செட்டியார் தெருவின் நகைக்கடைகளில் இன்று நிற்போர் பலருடைய மனத்திலும் அதே கேள்வி இருக்கிறது. ஆகவே அதனை இங்கு சிறிது ஆராய்வோம்.

ஐயத்திற்குக் காரணம் உண்டு

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மக்கள் கொம்பனிகள்மீது கொண்ட ஐயம் வீண் ஐயமன்று. 2002 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிரமுக வங்கியின் அலுவல்களை மத்திய வங்கி நிறுத்திவைத்தது. பிற்காலத்தில் வேறு பெயரில் அதற்குப் புத்துயிர் ஊட்டப்பட்டதாயினும், அதுவரை வைப்பாளர் பட்ட துயரம் பெரிது. 2008 டிசம்பரில் ‘கோல்டன் கீ’ என்னும் கடனட்டைக் கொம்பனி வீழ்ந்தது. பெயர் தங்கத் திறவுகோல். திறந்து பார்த்தபொழுது பெட்டகம் வெறுமை! பொதுமக்களிடம் வைப்புப் பெறுவதற்கு மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் அதற்கு இருக்கவில்லை. ஆயினும் வங்கிகள் கொடுத்ததைவிட மிகக் கூடுதலான வட்டியைக் காட்டி ஆயிரக்கணக்கானோரிடம் பல நூறு கோடி ரூபாவை அது திரட்டியிருந்தது. புகழ்பெற்ற செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்தது என்பதே மக்களுக்குப் போதுமான உத்தரவாதமாகத் தோன்றிற்று.

அவ்வீழ்ச்சியின் அதிர்ச்சி அத்துடன் நிற்கவில்லை. 1940 இல் தொடங்கப்பெற்ற ‘தி பினான்ஸ் கொம்பனி’ அதே குழுமத்தோடு தொடர்புடையதாயிருந்தமையால், அதன்மீதும் மக்களின் நம்பிக்கை தளர்ந்தது. பல ஆண்டுகள் தள்ளாடிய பின்னர், 2020 மே மாதத்தில் அதன் அனுமதிப்பத்திரம் நீக்கப்பட்டது. எண்பது ஆண்டுப் பெயர் ஒரு நாளில் அழிந்தது.

இத்தகைய நிறுவனங்கள் எவ்வாறு கெடுகின்றன என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளல் நன்று. கொள்ளைக்காரன் இரவில் வந்து பெட்டகத்தை உடைப்பதில்லை. பணிப்பாளர்கள் பகற்பொழுதில், கூட்ட அறையில் அமர்ந்து, வைப்பாளரின் பணத்தைத் தமக்கு நெருங்கிய வேறு கொம்பனிகளுக்குக் கடனாகக் கொடுக்கிறார்கள். அக்கடன் திரும்பி வருவதில்லை. வந்ததுபோலக் கணக்கு எழுதப்படுகிறது. பத்து ரூபா பெறுமதியான காணி ஐந்தொகையில் இருபது ரூபாவாகக் காட்சி தருகிறது. பழைய வைப்பாளருக்குரிய வட்டியைப் புதிய வைப்பாளரின் பணத்திலிருந்து கொடுக்கிறார்கள். புதியவர் வருவது நின்ற அன்று எல்லாம் நின்றுவிடுகிறது.

ஆறு காப்புகளின் கதை

இவ்வாறான காலத்தில் நம்மவர் பொன்னை நாடுவதில் வியப்பில்லை. கொழும்புத் தமிழருக்கு அதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை எமது வீட்டுக் கதையாலேயே கூறுவோம்.

1983 ஆடி மாதம் எமது பெற்றோர் வெள்ளவத்தையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தனர். நாம் அப்பொழுது கைக்குழந்தை. தெருமுனையில் புகை எழுவதைக் கண்டதும் அன்னையார் எம்மை ஒரு கையில் எடுத்தார். மறுகையால் தம்முடைய ஆறு காப்புகளையும் துணியில் முடிந்து இடுப்பிற் செருகிக்கொண்டார். வீடு எரிந்தது. கட்டில், அலுமாரி, தந்தையாரின் புத்தகங்கள், சான்றிதழ்கள், வங்கிச் சேமிப்புப் புத்தகம் யாவும் சாம்பராயின. அகதி முகாமில் இருந்த நாட்களிலும், அதன்பின் கப்பலேறி ஊர் சென்ற முதல் மாதங்களிலும், எமக்குப் பாலும் சோறும் தந்தவை அக்காப்புகளே. ஒவ்வொன்றாக நான்கு காப்புகள் போயின.

இத்தகைய கதை இல்லாத கொழும்புத் தமிழ்க் குடும்பம் அரிது. தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய செல்வம் பொன் ஒன்றே. அது எந்த ஊரிலும் பேசும். எந்த மொழிக்காரனுக்கும் அதன் பெறுமதி விளங்கும். இதனை அறியாதவர்கள் நம் தாய்மாரைப் பார்த்து, “நகைப் பைத்தியம்” என்று நகைத்தல் தகாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. எட்டு மாதங்களின் பின் தந்தையார் கொழும்புக்குத் திரும்பினார். கையில் சேமிப்புப் புத்தகம் இல்லை; அடையாள அட்டை மட்டும் இருந்தது. தயங்கித் தயங்கி வங்கிக்குச் சென்றார். அங்கிருந்த அலுவலர், சிங்களப் பெரியவர் ஒருவர், உள்ளே சென்று பேரேட்டை எடுத்துவந்து பக்கங்களைப் புரட்டினார். தந்தையாரின் பெயர் இருந்தது. கையொப்பம் இருந்தது. ஒரு சதமும் குறையாமல் பணமும் இருந்தது! அப்பணத்தைக் கொண்டுதான் நாங்கள் மீண்டும் ஒரு வீட்டிற் குடிபுகுந்தோம்.

அன்னையார் இன்றும் சொல்வார்: “காப்பு எங்களைக் கரைசேர்த்தது, அந்தப் புத்தகக் கணக்கு எங்களை நிமிர்த்தினது.” பொன்னும் வேண்டும், நேர்மையான பேரேடும் வேண்டும் என்ற பாடத்தை நாம் கல்லூரியில் கற்கவில்லை, அவரிடமே கற்றோம்.

பொன்னும் வழுக்கும்

நிற்க. பொன் பொய் சொல்லாது என்றார் மாமா. பொன் பொய் சொல்லாது என்பது மெய்யே. ஆனால் பொன்னின் விலை பலரை ஏமாற்றியிருக்கிறது.

1980 ஜனவரியில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் பொன் 850 டொலர்வரை ஏறிற்று. “இனி இறங்காது” என்று அன்று வாங்கியவர்கள் பலர். 1999 இல் அது ஏறக்குறைய 250 டொலருக்கு வந்துவிட்டது. 850 என்ற எண்ணை மீண்டும் கடந்தது 2008 ஜனவரியிலேயே. முப்பது வயதில் வாங்கியவர் தாம் கொடுத்த விலையைத் திரும்பக் காண்பதற்கு ஐம்பத்தெட்டு வயதாயிற்று! அதற்குள் டொலரின் வாங்கும் ஆற்றல் எவ்வளவோ தேய்ந்துவிட்டது. பின்னர் 2011 செப்டெம்பரில் 1,900 டொலரைத் தாண்டிய பொன், 2015 டிசம்பரில் 1,050 அளவிற்கு இறங்கிற்று. 2025 அக்டோபரிலோ 4,000 டொலரையும் கடந்தது. ஏறியவை எல்லாம் ஏறிக்கொண்டே இருப்பதில்லை. இறங்கியவை இறங்கிய இடத்திலேயே கிடப்பதுமில்லை.

2013 இல் ஏற்பட்ட வீழ்ச்சியை நம் நாடு நன்கு உணர்ந்தது. விலை உச்சத்தில் இருந்தபொழுது நகைகளை அடகு வைத்துக் கூடுதலான கடன் பெற்றவர்கள், விலை இறங்கியதும் அவற்றை மீட்காமல் விட்டுவிட்டார்கள். நகையின் பெறுமதியைவிடக் கடன் பெரிதாயிற்று. வங்கிகள் அடகுப் பிரிவில் நட்டமடைந்தன. 2014 இல் மத்திய வங்கி அடகுக் கடனுக்கென ஓர் உத்தரவாதத் திட்டத்தையே வகுக்க நேர்ந்தது.

இன்னுமோர் உண்மை உண்டு. இலங்கையில் பொன்னின் விலை இரண்டு கால்களில் நடக்கிறது. ஒன்று உலக விலை. மற்றொன்று டொலருக்கு எத்தனை ரூபா என்பது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதத்தில் அது 360 ரூபா அளவிற்கு ஏறிற்று. உலகச் சந்தையில் பொன் அசையாமல் நின்றிருந்தாலும், இங்கு அதன் ரூபா விலை நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல் உயர்ந்திருக்கும். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை எட்டிற்று. நிலையான வைப்பு வைத்திருந்தோரின் பணம் கண்முன்னே கரைந்தது. பவுண் வைத்திருந்தோர் தப்பினர். இதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் 2023 நடுப்பகுதியில் ரூபா 300 அளவிற்கு மீண்டபொழுது, பீதியிற் போட்டி போட்டு வாங்கியவர்கள் கையைப் பிசைந்தனர்.

நகையாக வாங்குவோர் வேறொன்றையும் எண்ண வேண்டும். நம் நாட்டில் ஒரு பவுண் என்பது 8 கிராம். 22 கரட் நகையில் ஆயிரத்துக்கு 916 பங்கே தூய பொன். ஆகவே ஒரு பவுண் நகையில் உள்ள தூய பொன் ஏறக்குறைய ஏழேகால் கிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அதன்மேற் செய்கூலியும் சேதாரமும் சேரும். விற்கும்பொழுது அவ்விரண்டும் திரும்பி வாரா. மகளின் கழுத்தில் அழகுக்காக அணிவிப்பது வேறு. முதலீடு என்று வாங்கி வைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதனாலேயே நம்மவர் பலர் நட்டமடைகின்றனர்.

நம்பிக்கையிலிருந்து தப்ப முடியாது

“எவரையும் நம்பாமல் இருப்பதற்காகப் பொன் வாங்குகிறேன்” என்று கூறுவோர், சற்று நிதானித்துப் பார்க்கட்டும். இது 22 கரட் என்று யார் சொன்னார்? கடைக்காரர். தராசு சரி என்று யார் சொன்னார்? அவரே. வாங்கியதை எங்கே வைப்பது? வீட்டில் வைத்தால் கள்வர் பயம்; வங்கிப் பெட்டகத்தில் வைத்தால் மீண்டும் வங்கியை நம்ப வேண்டும்.

நம் நாட்டிலேயே நடந்த ஒரு செய்தி இதற்குத் தக்க சான்று. ‘ஸ்வர்ணமஹால்’ என்ற நகைமாளிகையை அறியாதவர் இலர். அதனோடு ஒரே குழுமத்தைச் சேர்ந்ததாயிருந்தது ‘ஈ.டி.ஐ. பினான்ஸ்’ என்னும் நிதிக் கொம்பனி. 2020 ஜூலையில் ஈ.டி.ஐ. பினான்ஸ், ஸ்வர்ணமஹால் நிதிச் சேவைகள் ஆகிய இரு கொம்பனிகளின் அலுவல்களையும் மத்திய வங்கி நிறுத்திற்று. பொன்னின் பெயரைச் சூடிக்கொண்ட நிறுவனமும் வைப்பாளரைக் கலங்க வைத்தது. பொன் மாற்றுக் குறையாதது. அதன் பெயரால் வாணிகம் செய்வோர் அனைவரையும் அவ்வாறு கூறிவிட முடியுமா?

அரசாங்கங்களும் பொன்னை விட்டுவைத்ததில்லை. 1933 இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தங்க நாணயங்களையும் கட்டிகளையும் ஒப்படைக்குமாறு குடிமக்களுக்கு ஆணையிட்டார். அவுன்ஸுக்கு 20 டொலர் 67 சதம் வீதம் கொடுத்து வாங்கிய அரசாங்கம், மறு ஆண்டே விலையை 35 டொலராக உயர்த்திற்று. இந்தியாவில் 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதி அமைச்சராயிருந்தபொழுது, 14 கரட்டுக்கு மேற்பட்ட நகை செய்தல் தடுக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் ஏனைய மாநிலங்களிலும் எண்ணிறந்த பொற்கொல்லர் தொழிலிழந்து தவித்தனர். 1968 இல் தனிச் சட்டமாகிய தங்கக் கட்டுப்பாடு 1990 இலேயே நீக்கப்பட்டது. ஆகவே பொன்னும் உலகத்தோடு ஒட்டியே வாழவேண்டியிருக்கிறது.

சென்னை காட்டிய வழி

ஏமாற்றப்பட்ட மக்கள் பெட்டியைப் பூட்டிக்கொண்டு இருப்பதைத் தவிர வேறு வழி இல்லையா? உண்டு. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் வங்கி முறிந்தது. வெள்ளைக்காரரின் வங்கி என்பதால் அசையாது என்று எண்ணியிருந்த ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களின் சேமிப்பு அழிந்தது. அதன் தலைவர் சர் ஜோர்ஜ் ஆர்பத்நாட் வழக்கிற்குள்ளாகிச் சிறை சென்றார். அன்று வைப்பாளருக்காக வாதாடியவர்களுள் ஒருவர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். வழக்கோடு அவர் நிற்கவில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தாரையும் ஏனையோரையும் கூட்டிச் சேர்த்து, நம்மவர் நடத்தும் வங்கி ஒன்று வேண்டும் என்று முயன்றார். 1907 ஆகஸ்டில் இந்தியன் வங்கி பிறந்தது. 1932 இல் அது கொழும்பிலும் கிளை திறந்தது. ஏமாற்றத்தின் சாம்பரிலிருந்து எழுந்த அவ்வங்கி நூறாண்டு கடந்தும் நிற்கிறது.

நம் நாட்டிலும் வைப்பாளரின் கண்ணீர் முற்றாக வீண்போகவில்லை. கோல்டன் கீ வைப்பாளர் ஒன்றுகூடி உச்ச நீதிமன்றம்வரை சென்றனர். 2010 இல் வைப்புக் காப்புறுதித் திட்டம் தொடங்கப்பெற்றது. 2011 இல் நிதித்தொழில் பற்றிய புதிய சட்டம் வந்தது. முதலில் இரண்டு இலட்சம் ரூபாவாயிருந்த காப்புறுதி எல்லை படிப்படியாக உயர்ந்து, 2021 இல் பதினொரு இலட்சம் ரூபாவாயிற்று. இவை போதா என்பது மெய்யே. ஆனால் கேட்டவர்களுக்கே இவ்வளவும் கிடைத்தது. பொன்னை வாங்கிப் பூட்டிவிட்டு வீட்டிலிருந்தவர்கள் இவற்றைப் பெற்றுத் தரவில்லை.

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்றனர் நம் முன்னோர். அளத்தல் என்றால் என்ன? வைப்பிடுமுன் நான்கு கேள்வி கேட்டல். மத்திய வங்கி வெளியிடும் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் இதன் பெயர் உண்டா? ஏனைய இடங்களைவிட வட்டி மிக அதிகமாயின், அவ்வட்டி எந்த வருமானத்திலிருந்து வருகிறது? ஐந்தொகையைப் பார்த்தீர்களா, கணக்காய்வாளர் அதில் ஏதேனும் குறை எழுதியிருக்கிறாரா? ஒரே நிறுவனத்தில் காப்புறுதி எல்லைக்கு மேற்பட்ட பணத்தை ஏன் இடவேண்டும்? இந்நான்கையும் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. கைகுலுக்கும் முகாமையாளர் முகஞ்சுளித்தால், அச்சுளிப்பே உங்களுக்கு விடை.

பொன்னையும் விலக்க வேண்டாம். சேமிப்பில் ஒரு சிறு பங்கைப் பொன்னாக வைத்திருத்தல் முறை என்பதே எமது கருத்து. அதுவும் செய்கூலி குறைந்த நாணயமாகவோ கட்டியாகவோ வாங்கி, மாற்றைச் சோதித்து, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தல் நன்று. அது இடர் வந்த நாளுக்கான தோணி. தோணியிலேயே குடியிருப்பவர் எவரும் இலர்.

இவற்றையெல்லாம் மாமாவிடம் அன்றைக்கே கூறினோமென்று வாசகர்கள் எண்ணவேண்டாம். சிலவற்றைக் கூறினோம், அன்னையாரின் காப்புக் கதையைக் கூறினோம். அவர் தலையசைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

மூன்று வாரங்களின் பின் மீண்டும் வந்தார். கூடவே உயர்தர வகுப்பில் வணிகம் படிக்கும் அவருடைய பேத்தி. காசில் ஒரு பங்குக்குச் செட்டியார் தெருவில் பவுண் வாங்கியாயிற்று. ஒரு பங்கு பேத்தியின் மேற்படிப்புக்கென ஒதுக்கப்பட்டுவிட்டது. எஞ்சியதை எங்கே வைப்பது என்பதே அன்றைய பேச்சு. பிள்ளையின் கையில் ஒரு நிதிக் கொம்பனியின் ஆண்டறிக்கை இருந்தது. பல இடங்களில் சிவப்புப் பென்சிலாற் கோடிட்டிருந்தாள்.

“சேர், இந்தப் பக்கத்தைப் பாருங்கோ. இவை தங்கடை பணிப்பாளர் ஒருவரின்ரை மற்றக் கொம்பனிக்கே பெரிய கடன் குடுத்திருக்கினம். அப்பப்பா அவையளிட்டைப் போய்க் கேட்டவர். ஒருத்தரும் ஒழுங்கான பதில் சொல்லேல்லை.”

“அப்ப என்ன செய்தீர்கள், மாமா?” என்றோம்.

“என்ன செய்யிறது? கும்பிடு போட்டிட்டு வந்திட்டன்,” என்றார் அவர். பின்பு பேத்தியைப் பார்த்துச் சிரித்தார். “நான் பவுண் வாங்கினது ஒரு பக்கம் கிடக்கட்டும், தம்பி. இவளுக்கு இந்தப் புத்தகம் வாசிக்கத் தெரியுது. முந்தி எனக்குத் தெரியாமல் போச்சே!”

அவர்கள் விடைபெற்றுச் சென்றபின் நாம் மேசைக்குத் திரும்பினோம். திங்கட்கிழமை வகுப்பில் ஐந்தொகைப் பாடம். இம்முறை அதனை எவ்வாறு தொடங்குவது என்று நெடுநேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.